நொய்யல் கவிதைகளும் கொதிகலன் நீரும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நொய்யலைப் பற்றி நான்கு கவிதைகள் வாசிக்கப்பட்டன. நான்கிலும் நதி பெண்ணாக இருந்தாள், நான்கிலும் இறந்துபோனாள். சாயப்பட்டறையில் பாய்லர் இயக்கும் ஒருவர் எழுந்து, "சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணி பாய்லருக்கே விடலாங்க. அதை யாரும் எழுதமாட்டீங்களா?" என்று கேட்டார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அது அறியாமையின் சிரிப்பு. கொதிகலன் நம்மைவிடச் சுத்தக்காரன். நீரில் கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் இருந்தால் குழாயின் உட்புறம் ஓடுபோல் படியும். வெப்பம் நீருக்குக் கடத்தப்படாமல் குழாயே பழுத்து வெடிக்கும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பை அரிக்கும். எனவே நாம் குடிக்கும் ஆற்றுநீரையும் அப்படியே அதற்குள் விட முடியாது; அதையும் பக்குவப்படுத்தியே ஆகவேண்டும். எப்படியும் பக்குவப்படுத்தத்தான் வேண்டுமென்றால், ஆற்றை ஏன் தொடவேண்டும்? "கழிவுநீர் ஆகாது" என்னும் முதலாளிகளின் வாதம் இங்கே பாதி உடைகிறது. மீதிப் பாதி செலவுக் கணக்கு. நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமப் பொருள்களை அகற்றாவிட்டால் நீர் கொதிகலனில் நுரைத்து நீராவியோடு கிளம்பும், அதன்பின் ஆர்.ஓ. சவ்வுகள் வேண்டும். இயலாத காரியமன்று. சென்னைக் கொடுங்கையூரில் சாக்கடை நீரை இவ்வாறு தொழிற்சாலைகளுக்கென மாற்றும் நிலையம், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில், 2019இல் வந்தது. அதே ஆண்டுக் கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டன.

பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதுவரை வராத அறிவு உத்தரவுக்குப் பிறகு வந்தது. நம் கவிஞர்களுக்கு அதன் பிறகும் வரவில்லை. கலைச்சொல் என்றாலே நமக்கு ஒவ்வாமை, 'ஆர்.ஓ.' என்று எழுதினால் கவிதை தீட்டுப்பட்டுவிடும்!

ஆனால் துக்கத்துக்குரிய இடமும் அங்கேதான் இருக்கிறது. சவ்வு தள்ளிவிட்ட உவர்நீரை நீராவி கொண்டு வற்றவைக்கிறார்கள். அந்த நீராவிக்கும் விறகோ நிலக்கரியோ எரியவேண்டும். கடைசியில் எஞ்சுவது சாயம் கலந்த உப்பு. திரும்பப் பயன்படுத்த முடியாத உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கிறது. "பூஜ்ஜியக் கழிவு" என்று அறிக்கைகளில் மார்தட்டுவோர் அந்த மூட்டைகளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. மழை அவற்றின்மீது பெய்தால் எங்கே போகும் என்று கேட்கவேண்டியவர்கள் நாம். நாமோ நதியைப் பெண்ணாக்கிக் கொண்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் அந்த நண்பருக்கு அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். அமைப்பாளர்கள் இன்னும் பதில் தரவில்லை.