வேதிக் வில்லேஜ் எரிந்த கதை - நமக்கு என்ன போச்சு?

போன மாதம் ஊரிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தான். விக்டோரியா மெமோரியல், தட்சிணேஸ்வர், பேலூர் மடம், லேக் மார்க்கெட் பக்கம் போய் ஒரு மசால் தோசை (கல்கத்தா வந்தும் தோசைதானா என்று கேட்காதீர்கள், நம்ம ஜாதகம் அப்படி) எல்லாம் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. நாலாவது நாள், "ஏரிக்கரையில ஏதோ ஸ்பா ரிசார்ட் இருக்காமே மச்சான், ஒரு நாள் போய்ப் படுத்துட்டு வரலாமா?" என்றான். தங்கமணி அதற்குள் பையை எடுத்து வைத்துவிட்டார். என்னிடம் கேட்பது ஒரு மரியாதைக்குத்தான் :-)

ராஜர்ஹாட் தாண்டி ஷிகர்பூர் பக்கம் இருக்கிறது வேதிக் வில்லேஜ். செக்டர் ஃபைவில் வேலை பார்த்த யாருக்கும் தெரிந்த இடம்தான். நடுவில் தண்ணீர், சுற்றிலும் மரங்கள், ஓட்டுக்கூரை போட்ட குடில்கள், எண்ணெய் மசாஜ், படகு. மச்சான் கரையில் நின்று ஐந்து நிமிடம் ரசித்தான். ஆறாவது நிமிடம், தமிழ்நாட்டுக்காரன் எவனும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: "இது முன்னாடி யாரோட நிலம் மச்சான்? சென்ட் என்ன விலைக்குப் போயிருக்கும்?"

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. இங்கே புதிதாக வந்து குடியேறும் நம்ம ஆட்கள் பல பேருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2009 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. விடுதிக்குப் பக்கத்து மைதானத்தில் ஒரு கால்பந்துப் போட்டி. வங்காளத்தில் கால்பந்து என்றால் நம்ம ஊர்த் திருவிழா கபடி மாதிரி, ஊரே கூடியிருக்கும். ஆட்டத்தில் தகராறு முற்றி, ஒரு இளைஞர் கொல்லப்பட்டார். அடித்த கும்பல் நிலத் தரகு செய்யும் உள்ளூர் தாதாவின் ஆட்கள் என்றும், அவர்களுக்கு விடுதிக்குள் அடைக்கலம் இருக்கிறது என்றும் ஊரார் குற்றம் சாட்டினார்கள். கூட்டம் விடுதிக்குள் புகுந்தது. குடில்கள் எரிந்தன. தங்கியிருந்தவர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடினார்கள். மறுநாள் டிவியில் பார்த்தால் கரிக்கட்டையும் புகையும்தான். கைதுகள், வழக்குகள் என்று அது தனியாகப் போனது. விடுதி பூட்டிக் கிடந்தது.

எனக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. நான் கல்கத்தா வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் டீமை அங்கே அவுட்டிங் கூட்டிப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். செய்தி வந்ததும் ஆபீஸ் கேன்டீனில் நான் சொன்ன முதல் வாக்கியம்: "இந்த ஊர் உருப்படவே உருப்படாதுப்பா." சுற்றி உட்கார்ந்திருந்த நாலு தமிழர்களும் தலையாட்டினார்கள். ஏற்கெனவே 2007-ல் நந்திகிராமில் துப்பாக்கிச் சூடு நடந்து 14 பேர் செத்திருந்தார்கள். 2008-ல் சிங்கூரிலிருந்து டாடா நானோ மூட்டை கட்டிக்கொண்டு குஜராத்துக்குப் போயிருந்தது. அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று முடித்துவிட்டு நான் டீயைக் குடித்தேன்.

அடுத்த அடி நம்ம துறைக்கே விழுந்தது. அதே பக்கத்தில் ஒரு ஐ.டி. டவுன்ஷிப் வருவதாக இருந்தது. இன்ஃபோசிஸ், விப்ரோ இரண்டுக்கும் அதில் இடம் தருவதாகப் பேச்சு. அதில் பங்காளியாக இருந்தது விடுதியைக் கட்டிய அதே குழுமம். புத்ததேவ் பட்டாச்சார்யா அரசு கொஞ்ச நாளிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிறகு நியூ டவுனில் இன்ஃபோசிஸுக்கு 50 ஏக்கர் என்றார்கள். 2011-ல் 34 வருட இடது முன்னணி ஆட்சி போனது. மம்தா பானர்ஜி வந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் கிடையாது என்றார். இழுபறி 2017 வரை ஓடியது. கடைசியில் இன்ஃபோசிஸ் வளாகம் திறந்தது 2024 டிசம்பரில். 2009-ல் "கல்கத்தாவுக்கு இன்ஃபோசிஸ் வருது, நாமும் வந்துடலாம்" என்று சென்னையிலிருந்து எனக்கு மெயில் போட்ட நண்பனின் பையன் இப்போது காலேஜில் படிக்கிறான்.

விடுதி மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. கருகியதை இடித்துக் கட்டி, வெள்ளையடித்து, மறுபடி திறந்துவிட்டார்கள். இன்று போகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை, சாப்பாடு நன்றாகவே இருந்தது.

இதில் எனக்கு உறைக்க நாளானது ஒன்று உண்டு. "ஏன் இந்த ஊரில் மட்டும் நிலம் என்றால் ரத்தம்?" என்று கேட்டோமே, அதற்குப் பதில் வங்காளிகளின் குணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

1977-ல் வந்த இடது முன்னணி, பெரிய பண்ணைகளின் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. ஆபரேஷன் பர்கா என்று குத்தகைதாரர்களைப் பதிவு செய்தது. சுமார் 14 லட்சம் பேர். நல்ல காரியம்தான், நம்ம தஞ்சாவூர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதன் விளைவாக நிலம் பிகா, கட்டா என்று துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு பிகா என்றால் நம்ம கணக்கில் 33 சென்ட். நூறு ஏக்கர் வேண்டுமென்றால் 300 பிகா. அதற்கு நூற்றுக்கணக்கான வீட்டுப் படியேற வேண்டும். சூட்கேஸோடு வருகிற கம்பெனி மேனேஜர் அதைச் செய்ய முடியுமா? அவருக்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும். எல்லோரையும் தெரிந்தவன், கட்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவன், மாட்டேன் என்பவனைச் "சம்மதிக்க" வைப்பவன். கம்பெனி கொடுக்கிற விலை ஒன்று, விவசாயி கையில் விழுவது ஒன்று. நடுவில் இருப்பது அவன் ராஜ்ஜியம். அவனை நம்பி எழுப்பிய கட்டடம் அவன் மேல் ஊருக்குக் கோபம் வருகிற நாள் வரைதான் பத்திரம்.

அரசே கையகப்படுத்தினால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. நியூ டவுனுக்கு 1894-ம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்துத்தான் நிலம் எடுத்தார்கள். விலை போதவில்லை என்ற புகார் இன்று வரை இருக்கிறது. 2013-ல் புதுச் சட்டம் வந்தது. தனியார் திட்டத்துக்கு அரசு நிலம் எடுத்துக் கொடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும், கிராமத்தில் சந்தை விலையைப் போல நாலு மடங்கு வரை இழப்பீடு கிடைக்கலாம். நல்லது. ஆனால் தரகர் வைத்து நேரடியாக வாங்கும் நிலத்துக்கு இந்த 80 சதவீதக் கணக்கு இல்லை. அதாவது, வேதிக் வில்லேஜ் பக்கம் எந்த வழியில் கோபம் சேர்ந்ததோ, அந்த வழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாசி ராஜர்ஹாட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வருகிறவர். விடுதிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் மாமனாரின் இரண்டு பிகா வேறு எதற்கோ போனது. தரகர் வந்து, "பக்கத்து நிலமெல்லாம் கொடுத்தாச்சு, வரப்பு கூட இல்லாமப் போயிடும்" என்றாராம். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னாராம். பணம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு கல்யாணம், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, அவ்வளவுதான். "அப்போதெல்லாம் அரிசி வாங்கியதில்லை தாதா" என்று ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை, விலைவாசி பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். என் கேன்டீன் வாக்கியம் அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பி வந்தது.

"எல்லாம் சரி, நிலமே எடுக்காமல் வேலை எங்கிருந்து வரும்? நீ மட்டும் மரத்தடியிலா கோட் அடிக்கிறாய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் வேலை பார்த்த சால்ட் லேக் பெயரிலேயே ஏரி இருக்கிறது. 1960-களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து சதுப்பை நிரப்பி எழுப்பிய ஊர் அது. நம்ம ஓ.எம்.ஆர். மட்டும் என்ன? பள்ளிக்கரணைச் சதுப்பு பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கிய பிறகுதான் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 வெள்ளத்தில் மாடியிலிருந்து படகில் இறங்கிய நம்ம உறவுக்காரர்களைக் கேட்டால் அந்த ஏரிகளின் பெயரைச் சொல்வார்கள். ஆகவே நிலமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை.

நான் சொல்வது இரண்டே விஷயம்.

ஒன்று, பிழைக்க வந்த ஊரைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதுவதை நிறுத்துவோம். "பந்த் பண்ணுவான், வேலை செய்ய மாட்டான்" என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களில் நாம் பேசுவதை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வங்காளம் படித்து, வங்காளப் பிள்ளைகளோடு விளையாடுகிறவர்கள். மும்பையில் ஒரு காலத்தில் "மதராஸி" என்று நம்மை ஒற்றைச் சொல்லில் அடக்கியபோது எப்படி வலித்தது? விடுதிக்குத் தீ வைத்தது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தீ வைக்கும் அளவுக்கு ஒரு ஊர் எப்படிப் போனது என்று கேட்பது, தீ வைத்ததை ஆதரிப்பது ஆகாது.

இரண்டு, வீடு வாங்கும்போது மச்சான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். நியூ டவுனில் இப்போது நம்ம ஆட்கள் பலர் ஃப்ளாட் வாங்குகிறார்கள். நீச்சல் குளம் இருக்கிறதா, கிளப் ஹவுஸ் இருக்கிறதா, மெட்ரோ எப்போது வரும் என்றெல்லாம் கேட்கிறோம். ஊரில் மூன்று சென்ட் மனை வாங்க முப்பது வருடத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிற நாம், இங்கே பில்டர் காட்டும் வண்ணப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறோம். தாக் எண் கேட்டு வாங்கி, மாநில அரசின் பாங்ளார் பூமி தளத்தில் பாருங்கள். நிலம் வயல் என்று இருக்கிறதா, குளம் என்று இருக்கிறதா, மனையாக மாற்றியிருக்கிறார்களா, யார் பெயரில் இருக்கிறது, எல்லாம் தெரியும். வக்கீலிடம் தாய்ப்பத்திரத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். இது தர்மம் மட்டுமல்ல, நம்ம பணத்துக்கும் பாதுகாப்பு. விற்றவன் வயிறெரிந்து விற்ற இடத்தில் நம்ம தவணையும் சேர்ந்து எரியும்.

நானும் இதைச் செய்யாமல்தான் 2010-ல் ஒரு இடத்துக்கு முன்பணம் கொடுத்தேன். மாசி சொன்னதைக் கேட்ட பிறகு காகிதங்களைக் கேட்டேன். காகிதம் வரவில்லை, சாக்குதான் வந்தது. பணத்தைத் திரும்ப வாங்க எட்டு மாதமும் கொஞ்சம் முடியும் போனது. எந்த பில்டர் என்பதை விடுங்கள், பாடம்தான் முக்கியம்.

கிளம்பும்போது மச்சான் மறுபடி ஒரு முறை தண்ணீரைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா ராத்திரி சரியாத் தூக்கம் வரலை" என்றான். கதையை நான் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லியிருக்கக் கூடாது என்று தங்கமணி கோபித்துக்கொண்டார். கார் வெளியே வந்து திரும்பியபோது ஒரு மைதானத்தில் பையன்கள் மழைச் சேற்றில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த மைதானம்தானா என்று நான் இறங்கிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.