சபையின் வேலை எது?

"சபைக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள். சபையின் வேலை ஆத்துமாக்களைப் பார்ப்பது." கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தலித் கிறிஸ்தவர்கள் வாய் திறந்தால் இந்தப் பதில் தயாராக வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டாலும் இதே பதில். சபைப் பள்ளியில் யாருக்கு வேலை போட்டார்கள் என்று கேட்டாலும் இதே பதில். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆராதனை முடிந்த கையோடு ஆலய வாசலிலேயே அணி பிரிந்து நிற்பதைப் பார்த்து மனம் நொந்த பழைய உபதேசியார்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால், சபையின் ஆவிக்குரிய வேலை எது என்ற கேள்வி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் 160 ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு ஒரு பதில் சொல்லப்பட்டுவிட்டது.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய காலம் முதல் லுத்தரன் சபைகளைச் சாதி விடாமல் தொடர்ந்தது. ஒரே கூரையின் கீழ் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், பறையருக்கு ஒரு பக்கம். திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதிலும் வரிசை இருந்தது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கலகம் ஆனது. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவில்லை, சாதியையும் விடவில்லை. சாதியைப் பொறுத்துக்கொள்ளும் வேறொரு சபையைத் தேடிப் போனார்கள்.

அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது லைப்சிக் மிஷன். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி என்பது சமூக வழக்கம், காலப்போக்கில் தானே தேயும், அவசரப்படக் கூடாது என்று நினைத்தார். இதே கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் லத்தீனிலும் பெயர்த்தவர். பிறப்பில் எல்லோரும் சமம் என்று சொல்லும் நூலை எழுத்தெண்ணிப் படித்தவருக்கு, சபைக்குள் சாதிக்குக் கெடு கொடுக்க மட்டும் மனம் வரவில்லை!

அந்த மிஷனுக்கு உள்ளிருந்தே எதிர்த்தவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் போதகர். சாதியை விடாதவருக்குக் குருப்பட்டம் கொடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. மிஷன் இணங்கவில்லை. அவர் வெளியேறி, 1861-இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாகப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அதன் மக்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஓக்ஸ் அரசியல்வாதி அல்ல, சீர்திருத்தச் சங்கம் நடத்தியவரும் அல்ல. ஆத்தும விசாரம் ஒன்றையே வேலையாகக் கொண்டு வந்த ஒரு போதகர். பக்கத்தில் உட்கார மறுக்கிறவனோடு ஒரே பாத்திரத்தில் பருகுவது திருவிருந்தே அல்ல என்று வேதத்தைப் படித்துத்தான் அவர் முடிவுக்கு வந்தார். சாதியை விடுவது அவருக்கு விசுவாசத்தின் முதல் படி. சபையின் வேலையைச் செய்து முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளும் சமூகத் தொண்டாக அவர் அதை நினைக்கவில்லை. ஆகவே நம் மாவட்டத்தில் "சபைக்குள் சாதியைப் பேசாதே" என்று சொல்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கிரவுல் பக்கம் நிற்கிறார்கள்.

சாதி தானே தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு எறையூர் சாட்சி. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊர், புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பெரிய கோயில் இருந்தும், தலித் கத்தோலிக்கர்களின் சவ ஊர்வலத்துக்கு ஊரின் பெரிய தெருவில் இடம் இல்லை. கல்லறையும் தனி. அவர்கள் தங்களுக்கென்று எழுப்பிய ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கச் சொல்லிப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது, தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். இரு பக்கமும் ஒரே மாதாவை வணங்குகிறவர்கள். சாதியைப் பேசாமல் இருந்ததால் அந்த இரண்டு உயிர்களில் எது காப்பாற்றப்பட்டது?

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிய குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியில். ஆண்டுதோறும் அந்த நாளைத் திருச்சபைகள் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. நல்லது. ஆனால் 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது என்ன? மதம் மாறிய பிறகும் கிறிஸ்தவ சமூகத்துக்குள் அதே அளவு இழிவும் ஒடுக்குமுறையும் தொடர்கின்றன என்பதற்குச் சான்று. அந்தச் சான்று நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்களில்தான் கிடக்கிறது. டெல்லியில் "எங்களுக்குள் சாதி உண்டு" என்று மனுப் போட்டுவிட்டு, ஊரில் "இங்கே சாதியே இல்லை" என்று சாதிக்க எந்தப் பேராயராலும் முடியாது.

சபையைத் திசை திருப்புவது எது என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. தேர்தல், பதவி, நிலம், பள்ளி நியமனம். தென்னிந்தியத் திருச்சபையின் பேரவையை நிர்வகித்துத் தேர்தல் நடத்த, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்கும் நிலை வந்தது. மேய்ப்பர்களைத் தேர்ந்தெடுக்க நீதிபதிகள் வர வேண்டியிருக்கிறது. சிறிய சபைகளிலும் கதை பெரிதாக வேறில்லை. காலனி சபையில் காணிக்கை போடுகிற விவசாயக் கூலிப் பெண்ணுக்கு, வழக்குச் செலவு யார் பணம் என்று கேட்கும் உரிமைகூட இல்லை. இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: சபைத் தேர்தலில் கட்சிக்கு ஓர் அணி கட்டினால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் பழைய உபதேசியார்கள் சொல்வது சரி.

ஒரு காலத்தில் நம் சேரிகளில் உபதேசியார் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். வேதம் வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்து தெரிந்தவன் பிறகு பத்திரத்தையும் வாசித்தான், பண்ணையார் கணக்கையும் வாசித்தான். சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவர், எழுத்தின் வலிமை அறிந்தவர். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நந்தனின் பெயரிலேயே பள்ளியைக் கட்டினார்.

இந்த ஆண்டு சபை மன்றங்கள் கூடும்போது மூன்று கேள்விகளை வைக்கலாம். நம் கல்லறைத் தோட்டத்தில் சுவரோ வரப்போ இருக்கிறதா? கடந்த மூன்று ஆண்டுகளில் வழக்குக்குச் செலவழித்தது எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழித்தது எவ்வளவு? சபைப் பள்ளிகளில் கடைசியாக நியமிக்கப்பட்ட பத்துப் பேரில் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர்? பதில்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பிரசங்கத்தை அதன் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.