போக வழி சொன்னோம். திரும்ப வழி சொன்னோமா?

அயல்நாட்டுக்கு வேலைக்குப் போவது எப்படி என்று நம் ஊர்த் தேநீர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் வழி சொல்வார்கள். எந்த ஏஜெண்டு நம்பிக்கையானவர், மருத்துவப் பரிசோதனைக்கு என்ன செலவாகும், விசா வர எத்தனை நாள் பிடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதே கடையில், வேலை முடிந்து ஊர் திரும்ப என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேளுங்கள். "டிக்கெட் எடுத்தால் வந்துவிடலாமே, தம்பி!" என்பார்கள்.

வந்துவிட முடியாது என்பதுதான் உண்மை. சவுதி அரேபியாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்ப்பவருக்கு 'இக்காமா' என்னும் குடியிருப்பு அட்டை உயிர்நாடி. அது காலாவதியானால் அவர் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆகிவிடுகிறார். வேலையை விட்டு நிரந்தரமாக ஊர் திரும்ப 'குரூஜ் நிஹாயி' என்னும் இறுதி வெளியேற்ற விசா வேண்டும். அது கிடைத்த 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். உள்ளே போக ஒரு விசா என்றால், வெளியே வரவும் ஒரு விசா!

தாள்கள் இருப்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை. எந்த நாட்டுக்கும் கணக்கு வேண்டும். என் கேள்வி வேறு. அந்தத் தாள்கள் யார் கையில் இருக்கின்றன? தாள் தவறினால் தண்டனை யார் தலையில் விழுகிறது? தாள் முதலாளியின் கையில். தண்டனையோ தொழிலாளியின் தலையில். இந்த அநீதியைத்தான் நாம் 'ஃபார்மாலிட்டி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டுப் போகிறோம்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். குழாய் வேலை தெரிந்தவர். சவுதியில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் 11 ஆண்டுகள் உழைத்தார். கடைசி ஆண்டில் கம்பெனி நொடித்தது. சம்பளம் நின்றது, அவருடைய இக்காமாவையும் புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட்டோ மேலாளரின் அலமாரியில். அட்டை செத்துவிட்டதால் வங்கிக் கணக்கு முடங்கியது. காய்ச்சல் வந்தபோது மருத்துவமனைக்குப் போகவும் அஞ்சினார். அவர் மனைவிக்காக மனுக்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். தூதரகத்தில் பெயரைப் பதிந்து, பல மாதம் காத்திருந்து, ஒற்றைப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழில் அவர் ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை இருந்தது, அவ்வளவுதான்.

அவர் விட்டுவிட்டு வந்தது என்ன தெரியுமா? அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, பணி முடிந்து செல்பவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும், அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடையாகத் தர வேண்டும். அவர் சம்பளம் 1,500 ரியால். முதல் ஐந்து ஆண்டுக்கு 3,750. அடுத்த ஆறு ஆண்டுக்கு 9,000. ஆக 12,750 ரியால். நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது. அந்தத் தொகையைக் கேட்டு வாங்கித் தர அவரிடம் ஒரு தாளும் இல்லை; ஒப்பந்தத்தின் நகல்கூட இல்லை.

"படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவர் குற்றம்தானே?" என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இக்காமாவை எடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆகும் கட்டணமும், தாமதமானால் வரும் அபராதமும் முதலாளியையே சாரும் என்று சவுதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு கூறுகிறது. நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமோ, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் உடைமை என்கிறது. அதை அலமாரியில் பூட்டி வைப்பவர் தொழிலாளியின் பொருளை மட்டுமல்ல, இந்திய அரசின் பொருளையும் பூட்டி வைக்கிறார். எந்த நாட்டை விட்டும் வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு முழங்குகிறது. எழுத்தில் குறைவில்லை, கைக்கு எட்டுவதில்தான் குறை.

நிலைமை மாறவே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கு முதலாளியின் வெளியேற்ற அனுமதி தேவையில்லை என்றது. 2020இல் வீட்டு வேலை செய்வோருக்கும் அதை விரித்தது. சவுதியும் 2021 மார்ச்சில் விதிகளைத் தளர்த்தியது. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டு வேலையாள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அந்தத் தளர்வுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நம் மக்கள் மிகுதியாகப் போவது இந்த வேலைகளுக்கும்தானே! குவைத்தோ 2025 ஜூலை முதல் தனியார் துறைத் தொழிலாளர் நாட்டை விட்டுச் செல்ல முதலாளியின் அனுமதி வேண்டும் என்று விதித்தது. முழம் ஏறினால் சாண் சறுக்குகிறது.

அவ்வப்போது 'பொது மன்னிப்பு' அறிவிக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, விசா முடிந்து தங்கியிருந்தவர்கள் அபராதமின்றி வெளியேற அப்படி ஒரு வாய்ப்புத் தரப்பட்டது. அதனால் பயன்பெற்றோர் உண்டு, வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. தன் தாளைப் புதுப்பிக்க வேண்டியவர் புதுப்பிக்காமல் விட்டதற்கு, உழைத்தவனுக்கு மன்னிப்பா?

நம் பக்கத்தையும் பார்ப்போம். 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியகல்வு அனுமதி பெற வேண்டும். படிக்காதவரை ஏமாற்றாமல் காக்க வந்த நல்ல ஏற்பாடு இது. என் குடும்பத்தில் அந்த வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு அந்த அனுமதி வேண்டாம். என் தந்தைக்கு வேண்டும். ஆகவே இந்தச் சட்டத்தை நான் எளிதாகப் பேச மாட்டேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன்: போகும் வாசலில் காவல் போட்ட நாம், வரும் வாசலில் ஏன் விளக்குக்கூட வைக்கவில்லை?

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்துடனும், திரும்பும் முறையைத் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுக்கச் சொல்வோம். அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் கிராமங்களில் முகாம் போடுகிறோம். மரம் நடுகிறோம், கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்கிறோம். ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் என்ன?

அயல்நாட்டில் ஆள் உள்ள வீடுகளில் உட்கார்ந்து சில செய்திகளைச் சொல்லலாம். பாஸ்போர்ட், விசா, குடியிருப்பு அட்டை, ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். அட்டை முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். ஊர் திரும்புமுன் வங்கிக் கடனையும் கைப்பேசி இணைப்பையும் முடித்துக்கொள்ளட்டும். தீராத கடன் பயணத்தடையாக வந்து நிற்கும். பணிக்கொடைக் கணக்கையும் அனுபவச் சான்றையும் எழுத்தில் வாங்கட்டும். பாக்கி நின்றால், வழக்கை நடத்த நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும். சிக்கல் வந்தால், வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' குறைதீர் இணையதளத்தில் வீட்டாரே முறையிடலாம். அதை நிரப்பிக் கொடுக்க ஒரு பட்டதாரி போதும்.

நண்பர்களே! நம்மில் பலருடைய தேர்வுக் கட்டணம் பாலைவன வெயிலிலிருந்து வந்த பணம். ஆங்கில மனு எழுதும் அளவுக்கு நம்மைப் படிக்க வைத்தவர்கள், தமக்கு ஒரு மனு எழுத ஆளின்றி அங்கே நிற்கலாமா? வழியனுப்ப விமான நிலையம் வரை வேன் பிடித்துப் போகிறோம். அவர்கள் நிமிர்ந்த தலையோடு, உழைத்த காசோடு திரும்பி வரவும் ஏதாவது செய்வோம்.