சான்றிதழ் உண்டு, பணியிடம் எங்கே?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், 2024க்குள் ஊரகத்தின் ஒவ்வொரு வீட்டிற்கும் குழாய்நீர் கிடைக்குமென உறுதியளித்தது. கெடு இப்போது 2028க்குத் தள்ளப்பட்டுவிட்டது. இத்திட்டத்தில் ‘நல் ஜல் மித்ரா’ என்ற பெயரில் கிராமத்து இளைஞர்களுக்குக் குழாய் பொருத்துதல், மோட்டார் பழுது நீக்குதல், மின்பணி ஆகியன கற்பிக்கப்படுகின்றன. பயிற்சி தேவையானதே, அதை மறுப்பாரில்லை. ஆனால் பயின்றவர் யாருடைய ஊழியர்? பராமரிப்புச் செலவைக் கிராமமே நீர்க்கட்டணமாகத் திரட்ட வேண்டுமென்பது ஒன்றிய அரசின் கொள்கை. கட்டணம் வசூலாகாத மாதத்தில் அவர் வீட்டு அடுப்பு எரிவதெப்படி? ‘மித்ரா’ என்றால் நண்பன். நண்பனுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாதல்லவா!

கழிவுநீர்த் துறையின் நிலை இதனினும் கொடிது. பாதாளச் சாக்கடையில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்த நேர்ந்தது. அவ்வாண்டு தொடங்கிய ‘நமஸ்தே’ திட்டம் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் இயந்திரம் வாங்கக் கடன்மானியமும் தருகிறது. நேற்றுவரை ஒப்பந்தக் கூலி. இன்று கடன் சுமக்கும் ‘தொழில்முனைவோர்’. நகராட்சியின் நிரந்தரப் பணியாளர் என்ற சொல் மட்டும் இவர்களுக்கு வாய்ப்பதில்லை.

சாக்கடை இயந்திரத்தை இயக்க அதே சாதியின் பிள்ளைகளையே பழக்குவதற்குப் பெயர் மறுவாழ்வன்று. நீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அப்பணியிடங்களை உள்ளாட்சிகள் நிரந்தரமாகத் தோற்றுவிக்க ஒன்றிய அரசு நிதி ஒதுக்க வேண்டும்.