பத்தொன்பதாம் வயதுக்கு யார் பொறுப்பு?

நெய்யூர் ஆஸ்பத்திரி என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்கள் சோமர்வெல் டாக்டரைத்தான் சொல்வார்கள். எவரெஸ்ட் ஏறப் போனவர், பிறகு இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தார். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தி, 1861இல் வந்த ஜான் லோ என்ற டாக்டரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தியவர் அவர். அதில் தேறியவர்கள் கிளை மருந்தகங்களில் வைத்தியம் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த நன்கொடை மருந்துப் புட்டியோடு தீர்ந்துபோகாமல் ஒரு தலைமுறையின் பிழைப்பானது அப்படித்தான்.

அதற்கும் முன்னோடி நாகர்கோவில். 1819இல் அங்கே வந்த மிஷனரி மார்த்தா மால்ட், பள்ளிப் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை இருந்தது. ரேந்தை விற்ற காசில் தம்மையே மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மதம் பரப்பவே இதெல்லாம் என்பார்கள். உண்மைதான், அந்த நோக்கமும் இருந்தது. அதற்காக அந்தக் காசின் மதிப்பு குறைந்துவிடாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த குழந்தைகளை மீட்டு வளர்த்தார். கைக்குழந்தைகளை நெய்யூரில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் டாக்டர் இருந்ததே காரணம். பொறுப்பேற்றவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண். கொள்ளைநோயில் குழந்தைகள் சிலர் இறந்தும் வேலை நிற்கவில்லை. டோனாவூரில் வளர்ந்த பெண்கள் பலர் பின்னர் அங்கேயே பொறுப்புகளை ஏற்றார்கள்.

வளர்ந்து ஆளாகும்வரை கூட நிற்கும் இந்தப் பொறுமை இன்றைய அறக்கொடைக்குக் குறைவு. குழந்தை சின்னதாக இருக்கும்வரை ஸ்பான்சர் கிடைப்பார், பிறந்தநாளுக்கு பிரியாணியும் வரும். மீசை முளைத்த பையனைப் படமெடுத்து நன்கொடை கேட்பவர் யார்? 18 முடிந்ததும் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் பல குழந்தைகள் இல்லங்களில்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. குடும்பத்தோடு வாழும் வறிய குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தர மிஷன் வாத்சல்யா திட்டம் இருக்கிறது. இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பிற்காப்பு உதவி தரவும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஏட்டில் குறையில்லை. ஊரில் கேட்டால், ரேஷன் கார்டில் பெயரில்லை, சாதிச் சான்றிதழுக்கு அப்பன் பெயர் கேட்கிறார்கள், ஆதாரில் இருப்பதோ இல்லத்தின் முகவரி என்ற கதைதான்.

கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுகிற நன்கொடையாளர்கள் இனி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காசோலை எழுதலாம்: மூன்று வருஷத்துக்கு முன் இங்கிருந்து போனவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள்? பதில் இல்லாத இல்லத்துக்குப் புது மாடி எதற்கு? அந்தப் பணத்தில் நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புக்குக் கட்டணம் கட்டலாம். வேலை கிடைத்தவர் நாகர்கோவிலில் அறை எடுக்க வாடகை முன்பணமும், முதல் சம்பளம் வரும்வரை மெஸ் காசும் கொடுக்கலாம்.