பிடுங்குவது இலவசம், காப்பது யாருக்கு?

சொத்தைப் பல்லோடு அரசு மருத்துவமனைக்குச் செல்லும் கூலித் தொழிலாளி முன் இரண்டு வழிகள் உள்ளன. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு அன்றே பல்லைப் பிடுங்கிவிடுவது ஒன்று. ரூட் கெனால் எனப்படும் வேர்சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றிக்கொள்வது மற்றொன்று. முன்னது அரை நாளில் முடியும். பின்னதற்கு எக்ஸ்ரே வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வர வேண்டும். இறுதியில் பல்லின்மேல் உறை போட வேண்டும். மருத்துவ நூல்களின்படி காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே முறை. ஆயினும் கூலித் தொழிலாளர்களின் வாயில் இருக்கும் பற்கள் வேறொரு கணக்கின்படி விழுகின்றன.

அந்தக் கணக்கு கடினமானதன்று. 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். மூன்று முறை மருத்துவமனைக்குச் சென்றால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழப்பு. சிகிச்சைக்கு ஒரு காசும் வாங்கப்படாவிட்டாலும் அந்தப் பல்லின் விலை அது. பேருந்துக் கட்டணமும், வீட்டில் விட்டுவர முடியாத குழந்தையும் இக்கணக்கில் சேரவில்லை. தனியார் மருத்துவரிடம் சென்றால் வேர்சிகிச்சைக்கும் உறைக்கும் சில ஆயிரங்கள் ஆகும். ஆகவே, ‘பிடுங்கிவிடுங்கள் டாக்டர்’ என்று நோயாளியே கேட்கிறார். அதைக் கேட்டுவிட்டு, ஏழைகளுக்குப் பல்லின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு இல்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. இருக்கும் பணத்தையும் நேரத்தையும் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவை அறியாமை என்று சொல்வது எளிது.

தமிழ்நாட்டில் பல் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை வெளியே அனுப்புகின்றன. வேலை தேடி அலையும் இளம் பல் மருத்துவர்களை எந்த ஊரிலும் காணலாம். அரசுத் தரப்பிலோ 1953இல் சென்னையில் தொடங்கப்பட்ட பல் மருத்துவக் கல்லூரிதான் நெடுங்காலம் தனித்து நின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சிதம்பரம் கல்லூரி அரசு நிர்வாகத்தின்கீழ் வந்ததும், 2023இல் புதுக்கோட்டையில் கல்லூரி திறக்கப்பட்டதும் அண்மைக் கால நிகழ்வுகள். சிக்கலான பல் சிகிச்சைகள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் வசதி இத்தகைய இடங்களில்தான் குவிந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மாநில மக்களில் 20 விழுக்காடு. திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காடு, மாநிலத்திலேயே மிக அதிகம். திருவாரூரின் விவசாயக் கூலிப் பெண் ஒருவர் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற எண்ணினால், சிதம்பரத்துக்கோ புதுக்கோட்டைக்கோ மாவட்ட எல்லை தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு முறை போனால் முடியும் வேலையும் அன்று அது.

சென்னையில் கல்லூரி இருக்கிறதே என்று கேட்கலாம். கூவக் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிக் குடிசைகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் தலித் குடும்பங்கள் மிகுதி. கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள அந்தப் பல் மருத்துவமனைக்கு முன்பு நடந்தே வரக்கூடியவர்களாய் இருந்தவர்கள் இன்று ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். குடியிருப்பை மாற்றியவர்கள் மருத்துவமனையை உடன் அனுப்பவில்லை. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையிலேயே உதவி. போய்வரும் நேரத்தை அது திருப்பித் தராது.

தூய்மைப் பணியாளரின் நாளை இதனோடு பொருத்திப் பாருங்கள். அதிகாலை ஆறு மணிக்கு வருகைப் பதிவு. பணி முடியப் பிற்பகல் ஆகிவிடும். வெளிநோயாளர் சீட்டு கொடுப்பதோ காலையில். இரண்டு நேரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 2025 ஆகஸ்டு மாதம் முதல் நடைபெற்ற ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் சனிக்கிழமைகளில் நடந்தன. குப்பை அள்ளுவோருக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். முகாமில் பல்லைப் பார்த்துச் சொல்லலாம், வேர்சிகிச்சையை முடித்து அனுப்ப முடியாது.

ஒப்பந்த நிறுவனத்தின்கீழ் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதல்லவா? ஊதியத்தில் 0.75 விழுக்காடு தொழிலாளியிடமிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. வேலை அளிப்பவர் 3.25 விழுக்காடு செலுத்த வேண்டும். நோயுற்ற காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்யும் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. ஆனால் ஈ.எஸ்.ஐ. விதிகளின்படி, நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அத்தொகை கிடையாது. முன்பு உதவித்தொகை பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டுமே விலக்கு. பல் சிகிச்சை என்பது ஒரு நாள் போய், பத்து நாள் கழித்து மீண்டும் ஒரு நாள் போவது. ஒவ்வொரு முறையும் அது காத்திருப்பு நாட்களுக்குள்ளேயே விழுந்து கரைந்துபோகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட தொழிலாளியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி இது. வலியோடு வேலைக்கு வருபவர் இதன் கண்ணில் படவில்லை.

காப்பீட்டிலும் இதே குறைபாடு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்துச் செயல்படுத்தப்படும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதன் அடிப்படை, மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை. தாடை எலும்பு முறிந்தாலோ, வாயில் புற்று வந்தாலோ காப்பீடு துணைக்கு வரும். பல்லை அடைப்பதும் வேரைச் சுத்தம் செய்வதும் வெளிநோயாளர் வேலை, ஆகவே வெளியே. கவனிக்கப்படாத சொத்தையின் சீழ் தாடைக்கடியில் இறங்கி, கழுத்து வீங்கி, மூச்சு முட்டும் நிலைக்கு வந்த பின்னரே அந்த நோயாளி அரசின் காப்பீட்டுக் கணக்கில் ஒரு ‘கேஸ்’ ஆகிறார். தொடக்கத்திலேயே தடுப்பதற்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு துளி.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாற்றத்தைத் தாங்க வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டுக்கொள்ளும் பழக்கம் கழிவுநீரிலும் குப்பையிலும் உழலும் தொழிலாளர்களிடையே பரவலானது. இந்திய ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் உதடு, வாய்ப் பகுதியில் வருவதே. வாய்க்குள் தோன்றும் வெள்ளைத் திட்டை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவர். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வாய்ப் புற்றுக்காக எப்போதேனும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2 விழுக்காடு. நீண்ட வரிசையில், ஒற்றை நாற்காலியில், பிடுங்க வேண்டிய பல்லை மட்டும் பார்த்து அனுப்பும் மருத்துவரால் கன்னத்தின் உட்புறத்தை நிதானமாகப் பார்க்க இயலாது. பல் போவதோடு இந்த வாய்ப்பும் போகிறது.

எச்சில் என்னும் சொல் சாதியச் சமூகத்தில் வெறும் உடற்கூற்றுச் சொல்லாக இருந்ததில்லை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை எதைப் பிரித்து வைத்தது என்பதை நாம் அறிவோம். மற்றொருவரின் வாய்க்குள் விரல் விட்டுச் செய்யும் தொழில் பல் மருத்துவம். இதைச் சொல்வதால் எந்த மருத்துவர்மீதும் நோக்கம் கற்பிக்கவில்லை; ஆள் பற்றாக்குறையிலும் பொறுமையாகப் பேசிச் சிகிச்சை தருவோர் பலர். எனினும் யாருக்கு ‘காப்பாற்றலாம்’ என்று விளக்கிச் சொல்லப்படுகிறது, யாருக்கு ‘எடுத்துவிடலாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிகிறது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. பல் பிரிவுப் பதிவேடுகள் பல்லின் எண்ணையும் செய்த சிகிச்சையையும் குறிக்கின்றன. சமூகவாரியாக ஆராயத்தக்க வடிவில் அவை மக்கள் முன் வைக்கப்படுவதில்லை. பாகுபாடு உண்டென்றும் இல்லையென்றும் நிறுவ முடியாதபடி அந்தக் கேள்வி பதிவேட்டுக்கு வெளியே நிற்கிறது.

தனியார் கல்லூரிகள் பேருந்து அனுப்பிக் குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளை அழைத்துச்செல்லும் முகாம்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் தேர்வெழுத நோயாளிகள் வேண்டும். நமக்குச் சிகிச்சை வேண்டும். சிலருக்கு அங்கே நல்ல பல் செட்டும் கிடைத்திருக்கிறது. ஆனால் உரிமையோடு பெறும் சிகிச்சைக்கும், மாணவரின் பயிற்சிக்குத் தேவைப்படும்போது கிடைக்கும் சிகிச்சைக்கும் இடையே வேறுபாடு உண்டு. தேவை தீர்ந்த பருவத்தில் பேருந்து வராது.

2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்நிதியிலிருந்து, தலித் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை இயங்கும் பல் பிரிவுகளை அமைக்கக் கோர முடியும். தேவைப்படுபவை ஒரு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே கருவி, வேர்சிகிச்சைப் பொருட்கள், வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகளிலிருந்து ஒரு மருத்துவர். ஈ.எஸ்.ஐ.யின் காத்திருப்பு விதியில் ஒரு நாள் வெளிநோயாளர் சிகிச்சைக்கு விலக்குக் கேட்க வேண்டியது நாடாளுமன்ற உறுப்பினர்களிடம். இவற்றைக் கேட்பதற்குக் கையில் எண்கள் வேண்டும். உங்கள் வட்ட மருத்துவமனையில் கடந்த ஆண்டு பிடுங்கப்பட்ட பற்கள் எத்தனை, அடைக்கப்பட்டவை எத்தனை, வேர்சிகிச்சை முடிக்கப்பட்டவை எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.