அந்த ஜூஸ் பக்கட்டுக்குத் தண்ணீர் எங்கே அள்ளினார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம், பெற்றோர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை விட்டதும் கேட்டுக்கு முன்னால் ஜூஸ் பக்கட்டுக்குப் பிள்ளைகள் முண்டியடிப்பதைத் தினமும் பார்க்கிறோம். போன கிழமை நாங்களும் ஒன்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு மாம்பழப் படம், அவ்வளவுதான். செய்தவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "நம்மட ஊர்லதான் சேர் செய்யிறாங்க, பயப்படாதீங்க" என்கிறார்.

நம்மட ஊர் என்பதுதான் எங்களுக்குப் பயம். மணல் தரை, ஆழமில்லாத கிணறு, பத்தடி தள்ளி மலசலகூடக் குழி. அந்தத் தண்ணீரில் சீனியும் கலரும் எசன்ஸும் கலந்து பிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறோம். குளிரில் அது சாவதில்லை, உறங்கிக் கிடக்கிறது. பிள்ளையின் வயிற்றில் விழித்துக்கொள்கிறது. செங்கமாரி, நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. கேஸ் ஏற்றிய சோடாவில் அமிலத்தன்மை இருப்பதால் பல கிருமிகள் இலகுவில் பெருகாது. அப்படியிருந்தும் பெரிய கம்பனிகள் திரும்பி வரும் கண்ணாடிப் போத்தலைச் சூடான கோஸ்டிக் சோடாவில் கழுவித்தான் மறுபடி நிரப்புகின்றன. இங்கோ, குடித்து வீசிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலைப் பொறுக்கி சர்பத் நிரப்புகிறோம். அதைக் கொதிநீரில் கழுவவும் முடியாது, நெளிந்துவிடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பீ.எச்.ஐ. உள்ளே வந்து பார்க்கலாம், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம், வழக்கும் போடலாம். 2016இல் குளிர்பானங்களுக்கு நிற அடையாளமும் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. (அது சீனிக்கு மட்டும்தான். பச்சை என்றால் சுத்தம் என்று சிலர் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்.)

ஆனால் பீ.எச்.ஐ. ஒரு வீட்டுக்குள் போனால் அடுத்த நிமிஷமே அவருக்கு நாலு கோல் போகிறது. "பாவம், புருஷன் இல்லாத பொம்பிள, வயித்துல அடிக்காதீங்க." அந்தக் கோலை எடுப்பவர்களும் நாங்கள்தான். அந்தச் சகோதரியின் கஷ்டம் பொய்யில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் அவவுக்காகப் பேசுகிறவர்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும், பக்கட்டை ஒட்ட ஒரு சீலர் மெஷினும் வாங்கிக் கொடுத்தால் என்ன? ஒரு கல்யாண வீட்டின் ஐஸ்கிரீம் செலவுகூட வராது. எம்.ஓ.எச். பணிமனையில் பதிய வேண்டியதைப் பதிந்து, பெயரும் திகதியும் போட்டு விற்கட்டும். நாங்களே முதல் ஆளாக வாங்குவோம்.

அதுவரை பெயரில்லாத பக்கட்டைப் பிள்ளையின் கையில் கண்டால், படம் எடுத்துப் பிரதேச பீ.எச்.ஐ.க்கு அனுப்புங்கள். அவரைத் தடுக்க கோல் மட்டும் எடுக்காதீர்கள்.